மைனருக்குள் ஒரு பெரிய இன்ஜின்

பழைய காருக்குள் பெரிய இன்ஜினை இறக்கும் தொழிலில் அளவு நாடாவுக்குத்தான் முதல் மரியாதை, மனுசருக்கெல்லாம் அதுக்கப்புறம்தான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, கிரீஸ் ஏறிய நகத்தை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முழித்தவர் நீங்கள் என்றால், நீங்களும் நானும் ஒரே கூட்டம். உங்களிடம் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. மற்றவர்களிடம் நான் அதிகம் பேச மாட்டேன்.

ஆறாம் ஆண்டோடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. கிள்ளானில் குணா அண்ணன் நடத்தும் வர்க்‌ஷாப்புக்குக் கூட்டிப் பெருக்கி, பால் சேர்க்காத தே ஓ கலக்கிக் கொடுக்கத்தான் வந்தேன். வீட்டுக்காரர் போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். மகளுக்கு மூணு வயசு. பகலில் நாத்தனார் பார்த்துக்கொள்கிறார். இங்கே சொல்லப்போவதில் பெரும்பங்கு ஒரே ஒரு காரைப் பற்றி. அதில் ஏறுகிறவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டுமே என்று நான் பயந்த கதை அது.

உள்ளே போகும் கை

வேலைக்குச் சேர்ந்து ரெண்டாவது வாரம். ஒரு பழைய வண்டியின் இன்ஜினைக் கழற்ற வேண்டும். எல்லா போல்ட்டும் வந்துவிட்டது, பின்பக்கம் ஒன்றே ஒன்று மட்டும் வரவில்லை. இன்ஜினுக்கும், அதையும் ஆள் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகரச் சுவருக்கும் நடுவில் அது உட்கார்ந்திருந்தது. குணா அண்ணன் கையை விட்டார், மணிக்கட்டோடு நின்றது. வெல்டிங் செய்யும் ஆ சோங் விட்டார், தோல்தான் உரிந்தது. ஆ சோங் சீனர், ஆனால் பண்டமாரானில் தமிழர்களோடு வளர்ந்தவர், எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். அன்றைக்கு நன்றாகவே திட்டினார். "தங்கச்சி, உன் கையக் காட்டு" என்றார் குணா அண்ணன். ஏதோ காணாமல்போய் என்னைச் சந்தேகப்படுகிறார் என்று நினைத்து நான் ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. வளையலைக் கழற்றி வைத்தேன். தாலிச் சங்கிலி தொங்கி எதிலும் மாட்டக்கூடாது என்று ரவிக்கையோடு சேர்த்து ஊக்கு குத்தினேன். கை முழங்கை வரைக்கும் போனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, விரல்தான் பார்த்தது. ஸ்பேனரைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினேன். நடுவில் ஒரு தடவை ஸ்பேனர் வழுக்கி விழுந்தபோது அழுகை வந்தது. போல்ட் கையோடு வந்தபோது ஆ சோங் அதை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயோ குணா, இத்தன நாளா தப்பான ஆளு கையில தொடப்பத்தக் குடுத்து வச்சிருக்கே லா!"

பல் டாக்டரின் கட்டளை

மூணு வருசம் கழித்து அந்தக் கார் வந்தது, மைனர் என்கிற அந்தக் காலத்து இங்கிலீஷ் கார். ரெண்டு கதவு, உருண்டை முகப்பு, சாம்பல் நிறம். கொண்டுவந்தவர் பிரிக்ஃபீல்ட்ஸில் பல் கிளினிக் வைத்திருக்கும் ஒரு டாக்டர் அம்மா. கார் அவருடைய அப்பாவுடையது. அப்பா இலங்கைத் தமிழர், ரயில்வே ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், எண்பதைத் தொடுகிறார், பார்வை அநேகமாகப் போய்விட்டது. அவரை இந்தக் காரிலேயே ஈப்போவுக்கு ஒரு தடவை கூட்டிப்போக வேண்டும் என்பது டாக்டரின் ஆசை. பழைய இன்ஜினுக்கு மூச்சு வாங்கியது. ஹைவேயில் ஏறினால் பின்னால் வரும் லோரிகள் ஹாரன் அடித்தே கொன்றுவிடும்.

ஆயிரத்து அறுநூறு சிசி இன்ஜின் ஒன்றை ஹாஃப் கட் கடையில் பிடித்தோம். ஜப்பானில் இருந்து பாதியாக வெட்டிக் கப்பலில் வருமே, அந்த வண்டியில் இருந்து எடுத்தது. அதை இறக்க வேண்டுமென்றால் பின் தகரச் சுவரில் ரெண்டு அங்குலம் வெட்ட வேண்டும் என்றார் குணா அண்ணன். டாக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வெட்டக்கூடாது. "அப்பா இப்ப காரைக் கையால தடவித்தான் பாக்கறார். ஒரு இடம் வெட்டுப்பட்டாலும் அவருக்குத் தெரிஞ்சிரும்." இன்ஜின் மாற்ற அனுமதியெல்லாம் அவரே அலைந்து வாங்கியிருந்தார். பொருத்தி முடித்ததும் பரிசோதனைக்குக் காட்ட ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரமும் குறித்தாயிற்று. அதைத் தவறவிட்டால் மறுபடி வரிசைதான். எங்களுக்கு அஞ்சு வாரம் இருந்தது.

பேச்சு நடக்கும்போது நான் டார்ச் லைட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, தலையை உள்ளே விட்டு, இடுக்குகளை அளந்துகொண்டிருந்தேன். டாக்டர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வாயில் டார்ச் இருந்ததால் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போனது, அதுவரைக்கும் தப்பித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நானும் இதே வேலதான்மா செய்யறேன். உங்க பேஷன்ட் கடிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்."

மாவு சொன்ன அளவு

சுவரை வெட்டாமல் இடம் தேடினோம். ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளினோம். இன்ஜினோடு சுற்றும் காற்றாடியை எடுத்துவிட்டு மெல்லிசான மின்சாரக் காற்றாடி வைத்தோம். பேட்டரி பின்பக்கச் சாமான் அறைக்குப் போனது. இன்ஜினைச் சும்மா இறக்கிப் பார்த்தபோது நீளத்துக்கு உட்கார்ந்துவிட்டது. உயரம்தான் சந்தேகம். காரின் முன்மூடியைச் சாத்திவிட்டால் உள்ளே எவ்வளவு இடைவெளி என்று கண்ணால் பார்க்க முடியாதே. அதற்குக் குணா அண்ணன் களிமண் வைப்பார். அன்றைக்கு டப்பாவில் இருந்த களிமண் காய்ந்து கல்லாகிக் கிடந்தது. நான் பக்கத்தில் இருக்கும் மாமாக் கடை என்கிற சாப்பாட்டுக் கடைக்கு ஓடி, பரோட்டா மாதிரி வீசும் ரொட்டி சானாய் மாவு ரெண்டு உருண்டை வாங்கி வந்தேன்.

இன்ஜின் தலையில் மூணு இடத்தில் மாவை வைத்து, மூடியை மெதுவாகச் சாத்தி, அமுக்கித் திறந்தோம். ரெண்டு இடத்தில் பரவாயில்லை. மூணாவது, கண்ணுக்கு முன்னால் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகியிருந்தது. வண்டி ஓடும்போது இன்ஜின் குலுங்கும், ஒரு விரல் கனமாவது வேண்டும். குணா அண்ணன் தலையில் கை வைத்தார். அப்போது என் வாய் தானாகத் திறந்தது. "இன்ஜின் ஒக்கார்ற தாங்கிய வெட்டிக் கொஞ்சம் கீழ எறக்குனா என்னண்ணே?" அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆ சோங் தாங்கிகளை அறுத்து அரை அங்குலம் இறக்கி வெல்டிங் வைத்தார். மறுபடி மாவு வைத்தோம். விரல் கனத்துக்கு நின்றது. மேலே இடம் கிடைத்த சந்தோசத்தில், இன்ஜினோடு சேர்ந்து கீழே எது எதை நெருங்கியது என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. நானும்தான்.

தொடாத உருண்டை ஒன்று மிச்சம் இருந்தது. வீணாக்க மனசு வராமல் திருப்பிக் கொடுக்கப் போனேன். கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்: "வேணாங்கா, கார் தின்ன மிச்சத்தக் கல்லுல போட்டேன்னா, சாப்பிடற கஸ்டமரெல்லாம் ஸ்டார்ட் ஆயிருவாங்க!"

ஒரு கண்ணி

கடைசியாக இறக்கியது ஒரு புதன்கிழமை மத்தியானம். மேலே செயின் பிளாக்கில் இன்ஜின் தொங்கியது. குணா அண்ணன் சங்கிலியைப் பிடித்து இறக்கினார். ஆ சோங் முன்னால் இருந்து தள்ளினார். பின்பக்கம், இன்ஜினுக்கும் சுவருக்கும் நடுவில் என் கை. பிரேக் குழாய் நசுங்காமல் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். "எறக்கு... எறக்கு... நிறுத்து" என்று ஆ சோங் சொல்லச் சொல்ல, இரும்பு என் மூஞ்சிக்கு நேராக வந்துகொண்டே இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் பெய்த சத்தத்தில் ஒரு தடவை 'நிறுத்து' குணா அண்ணன் காதில் விழவில்லை.

சங்கிலி ஒரே ஒரு கண்ணி வழுக்கியது. அவ்வளவுதான். இன்ஜின் ஒரு தடவை ஆடி, சுவர்ப் பக்கம் வந்து முட்டியது. நான் கத்தவில்லை, எனக்குக் கத்த வராது. பிள்ளைக்கு மத்தியானம் சோறு ஊட்டினார்களோ இல்லையோ என்று மட்டும் தோன்றியது. கை வெளியே வந்துவிட்டது. கையுறை வரவில்லை. குணா அண்ணன் சங்கிலியை விடாமல் பிடித்திருந்தார். இன்ஜினை மறுபடி தூக்கி, கையுறையை எடுத்தோம். அப்பளமாக இருந்தது. ஆ சோங் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்து, அஞ்சும் இருக்கிறது என்று தெரிந்த பிறகு குணா அண்ணனிடம் சொன்னார்: "பூசாரியக் கூப்பிட வேணாம், செத்தது கையுறை மட்டும்தான். போயி எல்லாருக்கும் கோப்பி வாங்கிட்டு வா லா."

நாலு இடது திருப்பம்

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. முன்சக்கரம் தொங்கும்படி வண்டியைத் தூக்கி வைத்துவிட்டால், ஸ்டீயரிங்கைக் கயிறு போட்டு நேராகக் கட்டிவிடுவோம். இல்லாவிட்டால் யாராவது சாயும்போது சக்கரம் திரும்பிக் கையை நசுக்கும். மைனர் அப்படியே அஞ்சு வாரம் கட்டுப்போட்டுக் கிடந்தது. வெள்ளிக்கிழமைதான் கயிற்றை அவிழ்த்தோம். இன்னொரு வழக்கமும் உண்டு. சோதனை ஓட்டம் என்றால் கடை வரிசையைச் சுற்றி ஒரு வட்டம். இடது, இடது, இடது, இடது, வந்தாயிற்று. வலது பக்கம் ஒடிக்கவே வேண்டாம், எதிர் வரும் லோரிகளுக்குக் காத்துக் கிடக்கவும் வேண்டாம். குணா அண்ணன் ரெண்டு வட்டம் போய் வந்தார். மூஞ்சியில் அப்படி ஒரு சிரிப்பு. கடைக்குள் ஏற்றும்போது மட்டும் லேசாக வலது பக்கம் ஒடித்து ஏற்றினார்.

சாயங்காலம் அடியில் படுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். புகைக்குழாயில் நாங்கள் அடித்த கறுப்புப் பெயின்ட்டில், நகம் நீளத்துக்கு ஒரு கோடு பளபளவென்று இருந்தது. அதற்குப் பக்கத்தில்தான் ஸ்டீயரிங்கில் இருந்து சக்கரத்துக்குப் போகும் கம்பி. ரெண்டுக்கும் நடுவில் என் சுண்டு விரலை விட்டுப் பார்த்தேன். போகவில்லை. சக்கரம் நேராக இருக்கும்போதே இவ்வளவுதான் இடம் என்றால், வலது பக்கம் முழுசாகத் திருப்பினால்? எழுந்து வெளியே வந்தேன். குணா அண்ணன் போனில் இருந்தார். "நாளைக்குக் காலையில ஒம்போது மணிக்கு வந்துருங்க டாக்டர், கண்டிப்பா ரெடி" என்றார். போனை வைத்துவிட்டு "என்னா தங்கச்சி?" என்றார்.

இறக்கலாம் என்று சொன்னது நான்தான். தாங்கியை இறக்கியதால்தான் குழாயும் இறங்கியது. அந்தக் கோடு ஸ்பேனர் பட்ட கீறலாகக்கூட இருக்கலாம். முப்பது வருசம் போமனாக மெக்கானிக் வேலை பார்த்த மனுசரிடம் ஆறாம் ஆண்டு படித்தவள் போய் என்ன சொல்வது? "ஒன்னுமில்லண்ணே" என்றேன். அவர் இன்னும் சிரித்தபடியே சொன்னார்: "நாளைக்கு நல்ல சேலையாக் கட்டிட்டு வா. டயருக்கு எலுமிச்சம்பழம் நீதான் வைக்கணும், ஒன் கையிலதான் இந்தக் காரே நிக்குது."

நாலாவது எலுமிச்சம்பழம்

சனிக்கிழமை டாக்டர் அப்பாவோடு வந்தார். பெரியவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். காரின் முகப்பில் இருந்து பின்பக்கம் வரைக்கும் தடவினார். மூடியைத் திறக்கச் சொல்லித் தகரச் சுவரையும் தடவினார். எங்கேயும் வெட்டு இல்லை என்று திருப்தியாகி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். டாக்டர் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். கடையை விட்டு வெளியே போனதும் இடது பக்கம் ஒடித்து, அடுத்த சந்திப்பில் வலது பக்கமாக யூ டர்ன் அடித்துத்தான் ஹைவேக்குப் போக வேண்டும். துறைமுகத்து லோரிகள் போகும் சாலை. குணா அண்ணன் சூடம் கொளுத்தினார். நான் எலுமிச்சம்பழங்களை ஒவ்வொரு டயருக்கும் கீழே வைத்துக்கொண்டே வந்தேன். நாலாவது, வலது முன்டயர். பழத்தை வைத்தேன். கையை எடுக்க முடியவில்லை.

"வச்சாச்சில்ல, நவுரு தங்கச்சி" என்றார் குணா அண்ணன். நான் நகரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "மணியாச்சும்மா, நவுரு!" என்றார் மறுபடி, இந்த முறை சத்தமாக. பழத்தை விட்டுவிட்டு டயரைக் கையால் பிடித்துக்கொண்டேன். டாக்டர் தலையை வெளியே நீட்டி, "கை மாட்டிக்கிச்சாம்மா?" என்றார். "ரைட்டுக்கு முழுசாத் திருப்புங்க டாக்டர்" என்றேன். என் காதுக்கே கேட்கவில்லை. ரெண்டாவது தடவை கத்தினேன். அந்த மாதிரி நான் பிரசவத்தில்கூடக் கத்தியதில்லை. ஆ சோங் வெல்டிங்கை நிறுத்தினார்.

டாக்டர் திருப்பினார். என் கைக்குப் பக்கத்தில் டயர் மெதுவாகத் திரும்பியது. பாதி போயிற்று. 'டக்'. நின்றுவிட்டது. அவர் பலம் கொடுத்து இழுத்தார். மறுபடி 'டக்'. அதற்கு மேல் போகவில்லை. அவர் இன்ஜினை அணைத்தார். குணா அண்ணன் பூசைக்குப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு அப்படியே சிமெண்டுத் தரையில் மல்லாந்து அடியில் போனார். வெளியே வரும்போது சிரிப்பெல்லாம் போயிருந்தது. "கயிறு... அஞ்சு வாரம் கட்டியே வச்சிட்டோம். ஓட்டுனதும் லெஃப்டுலயே ஓட்டியிருக்கேன்" என்றார், யாரையும் பார்க்காமல். இனி மறைக்க முடியாது என்று நானும் சொல்லிவிட்டேன். நேற்றுச் சாயங்காலமே கோட்டைப் பார்த்தேன் என்று.

டாக்டர் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். யூ டர்னில் பாதி திரும்பிய கார், எதிரே வரும் லோரி, எல்லாம் அவர் கண்ணில் ஓடியது எனக்குத் தெரிந்தது. பெரியவர்தான் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, கோபமே இல்லாமல் கேட்டார்: "நேற்றைக்கே தெரிஞ்சதெண்டா நேற்றைக்கே சொல்லியிருக்கலாமே, பிள்ளை?"

ரெண்டு பக்கமும்

பத்து மணிக்குக் குறித்த நேரம் கைவிட்டுப்போனது. டாக்டர் வாசலில் நின்று போன் செய்து வேறு தேதி கேட்டார், மூணு வாரம் தள்ளிக் கிடைத்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். ஆ சோங் புகைக்குழாயை அறுத்து, உள்பக்கமாக வளைத்து ஒட்டினார். இப்போது என் கட்டை விரல் தாராளமாகப் போகிறது. நான் அடியில் படுத்திருக்க, குணா அண்ணன் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குத் திருப்பினார். பெடலை மிதித்து இன்ஜினைக் குலுங்கவிட்டும் திருப்பினார். எதுவும் எதையும் தொடவில்லை. அப்புறம் கதவைத் திறந்து, "ஏறு" என்றார். கடை வரிசையை வலது பக்கமாகச் சுற்றினோம். லோரிகளுக்காக ஒவ்வொரு மூலையிலும் காத்துக் கிடந்தோம்.

பரிசோதனையில் கார் தேறியது. ஈப்போ போய் வந்த சேதியை டாக்டர் போனில் சொன்னபோது குணா அண்ணன் சத்தத்தைக் கூட்டி எனக்கும் கேட்க வைத்தார். அதோடு சரி, பாராட்டெல்லாம் இல்லை. ஆனால் இப்போது எந்த வண்டி கடையை விட்டுப் போவதானாலும், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கிறார். நான் வாயைத் திறப்பதற்கு முந்தியே சொல்லிவிடுகிறார்: "சொல்றதுக்கு என்னா இருக்கு? 'ஒன்னுமில்லண்ணே'ன்னு மட்டும் சொல்லாத, போயி குனிஞ்சு பாத்துட்டு வந்து சொல்லு."

அந்தச் சின்னக் காருக்குள் அவ்வளவு பெரிய இன்ஜினை உள்ளே இறக்க மூணு பேருக்கு அஞ்சு வாரம் பிடித்தது, என் வாயில் இருந்து ஒரு வரியை வெளியே எடுக்க எனக்கு ஒருத்திக்கே ஒரு ராத்திரியும் நாலு எலுமிச்சம்பழமும் பிடித்தன.